எலும்பு அறுவைக்குப் பின் வலி தணிக்கும் நரம்புக் குழாய்

மழை நனைந்த மேட்டில் வழுக்கி விழுந்து கால் முறிவதும், மோட்டார் சைக்கிள் விபத்தில் கை முறிவதும் தோட்டங்களில் நாம் காணும் துன்பங்களாகும். சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை போன்ற பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் எலும்புக்கு அறுவைச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. ஆயினும், அறுவைக்குப் பின் வரும் வலிக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப் போடுவோர் நம்மிடையே உண்டு. அவ்வச்சம் நீங்கவே இதனை எழுதுகிறோம்.

வலி என்பது காயத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்குச் செல்லும் செய்தியாகும். அதனை வழியிலேயே தடுத்துவிட்டால் வலி தோன்றாது. மயக்க மருந்து டாக்டர், அல்ட்ராசவுண்ட் கருவியால் நரம்பைக் கண்டறிந்து, அதனருகே மெல்லிய குழாயொன்றைப் பொருத்துவார். மங்கில் பால் சொட்டுவதுபோல், சிறு பம்பிலிருந்து மரத்துப்போகச் செய்யும் மருந்து அக்குழாய் வழியே சிறிது சிறிதாகச் செல்லும். ஒருமுறை போடும் ஊசியின் பயன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். குழாயோ பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்களுக்குப் பயன் தரும். அமெரிக்க டாக்டர் அன்ஸ்ப்ரோ 1946-ஆம் ஆண்டிலேயே கை நரம்புகளுக்குத் தொடர்ந்து மருந்து செலுத்தும் முறையை விவரித்துள்ளார்.

இதனால் மார்பின் போன்ற மருந்துகள் குறைவாகவே தேவைப்படும். அவற்றால் வரும் குமட்டலும் மலச்சிக்கலும் குறையும். வலி தணிந்தவர் மூட்டை அசைத்துப் பயிற்சி செய்வதும் எளிதாகும்.

எனினும், மரத்த காலுக்கு வலுவும் குறைவு; சூடும் தெரியாது. ஆகவே, துணையின்றி எழுந்து நடக்கலாகாது. அக்காலில் வெந்நீர் ஒத்தடமும் கூடாது. காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை, உதடு மரத்தல் ஆகியவை தோன்றினால் உடனே தாதியிடம் கூறவேண்டும். மருந்து சென்றுகொண்டிருக்கும்போதே வலி மிகுந்தாலும், கால் இறுகி வீங்கினாலும், குழாய் பொருத்திய இடம் சிவந்தாலும் உடனே தெரிவிப்பது அவசியம். இம்முறை எல்லாருக்கும் பொருந்தாது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் அதனை முன்னரே டாக்டரிடம் சொல்லிவிடவேண்டும்.

நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப்போல் வலியையும் அளந்து குறிக்கும் முறையை நம் சுகாதார அமைச்சு 2008-ஆம் ஆண்டில் தொடங்கியது. 'வலி எவ்வளவு?' என்று தாதி கேட்கும்போது, பூஜ்யம் முதல் பத்து வரை உள்ள எண்ணில் உண்மையைச் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பது வீரமன்று. வலியைச் சொன்னால்தான் அதற்குரிய மருந்து கிடைக்கும்.