கப்பலேறுமுன் கரையில் முடிக்க வேண்டியவை

எங்கள் கீழப்பழுவூர்ப் பக்கம் கடலைக் கல்லாகத்தான் பார்க்க முடியும். சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களில் நத்தைபோல் சுருண்ட கற்கள் கிடைக்கும். ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்ததற்கு அவைதாம் சாட்சி. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைப் பல வருடம் சொல்லிக்கொடுத்த நான், நிஜக் கடலில் பயணம் போனது ஓய்வு பெற்ற பிறகுதான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள், சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கு போய்த் திரும்பும் உல்லாசக் கப்பலில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பணம் கட்டியிருந்தாள்.

என் தாத்தாவும் பினாங்குக்குப் போனவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி, தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனாராம். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை நம் மக்களை மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றிச் சென்றது. “எது வேணும்னாலும் கரையிலயே பாத்துக்கணும்” என்று தாத்தா சொல்வதை அம்மா அடிக்கடி நினைவுபடுத்துவார். நீச்சல் குளமும் நாடக அரங்கும் உள்ள இன்றைய கப்பலுக்கும் அந்தச் சொல் அப்படியே பொருந்துகிறது. நான் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன்.

விசாவும் வருகை அட்டையும்

கப்பல் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பினால் நாம் அந்த நாட்டை விட்டு வெளியேறியதாகவே கணக்கு. திரும்பி வந்து இறங்குவது இரண்டாவது நுழைவு. ஆகவே பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்து வாங்குங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இரண்டு முறையும் நிரப்ப வேண்டும். அரசு இணையதளத்தில் அது இலவசம். காசு கேட்டால் அது அரசுத் தளமில்லை. மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்றாலும், இத்தகைய சலுகைகள் மாறக்கூடியவை. பணம் கட்டுமுன் ஒருமுறை, கிளம்புமுன் ஒருமுறை சரிபாருங்கள். பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாத ஆயுளாவது மீதம் இருக்க வேண்டும்.

ஒருநாள் முன்பே போய்ச் சேருங்கள்

எங்களுக்குக் கல்லக்குடி, லால்குடி வழியாகத் திருச்சி விமான நிலையம் பக்கம்தான். அங்கிருந்து சிங்கப்பூர் நான்கு மணி நேரப் பயணம். காலையில் இறங்கி மாலையில் கப்பலேறலாம் என்று தோன்றும். விமானம் தாமதமானால் கப்பல் நமக்காக நிற்காது. முந்தின நாளே போய் மகள் வீட்டில் தங்கினோம். அந்த ஓர் இரவு நிம்மதிக்கு ஈடில்லை.

மாத்திரை கைப்பையில்தான்

நான் செய்த தவறு இது. துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். சில மணி நேரம் கழித்து அறைக்கு வரும். என் வீட்டுக்காரரின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டேன். அதே பெட்டியில் அயர்ன்பாக்ஸும் இருந்தது. தீப்பிடிக்கும் அபாயம் என்பதால் சூடேறும் சாதனங்களைக் கப்பலில் விடமாட்டார்கள். சோதனைக்காகப் பெட்டியை நிறுத்திவைத்துவிட்டார்கள். இரவுச் சாப்பாட்டு நேரமும் வந்துவிட்டது, மாத்திரை வரவில்லை. நான் பட்ட தவிப்பு இன்னும் மறக்கவில்லை. மாத்திரைகள், மருத்துவர் சீட்டு, பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை எல்லாம் கையோடு இருக்கட்டும். அயர்ன்பாக்ஸ், கெட்டில், சின்ன ரைஸ் குக்கர் மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார்; கட்டணம் அதிகம். கப்பல் சிகிச்சையையும் சேர்த்துப் பயணக் காப்பீடு எடுங்கள்.

பாதுகாப்புப் பயிற்சியைத் தவறவிடாதீர்கள்

கப்பல் கிளம்புமுன் எல்லாரையும் கூப்பிட்டு, ஆபத்தில் எங்கே கூட வேண்டும், உயிர்காப்பு அங்கியை எப்படி மாட்ட வேண்டும் என்று காட்டுவார்கள். “கால் வலிக்குது, நீ மட்டும் போய்ப் பாத்துட்டு வாம்மா” என்றார் என் வீட்டுக்காரர். விடவில்லை, அழைத்துப் போனேன். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை புதிதாக ஏறியவர்களுக்கு அதுவரை பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான், புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனேயே பயிற்சி நடத்த வேண்டும் என்று உலக விதியைத் திருத்தினார்கள். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி கேட்டால் கூடுமிடத்துக்குப் போக வேண்டும். அறையிலிருந்து அந்த இடத்துக்கு இருவரும் ஒருமுறை நடந்து பார்த்துக்கொண்டோம்.

தலைசுற்றலும் கை கழுவலும்

முதல்முறை போகிறவர்களுக்கு மலாக்கா நீரிணை நல்லது. ஒருபக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாய்த் தீபகற்பம் என இருபுறமும் நிலம் இருப்பதால் பெரும்பாலும் அலை குறைவு. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. வயிற்றைக் காயப்போடாதீர்கள். தலை சுற்றினால் தொடுவானத்தைப் பாருங்கள். சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே கூடத்தில் சாப்பிடுவதால் வாந்தி பேதி வேகமாகப் பரவும். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

கைப்பேசியும் கணக்கும்

நடுக்கடலில் கைப்பேசி செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்தால் கட்டணம் எகிறும். ஏறியதும் ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு, ‘மூன்று நாள் பேச முடியாது’ என்று ஊரில் முன்பே சொல்லிவிடுங்கள். கப்பலில் ரொக்கம் புழங்காது, அறை அட்டைதான். ஆளுக்கு இவ்வளவு என நாள்தோறும் சேவைக் கட்டணம் சேரும். இணையம், சில பானங்கள், கரைச் சுற்றுலா எல்லாம் தனி. இரவில் ஒருமுறை கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

கரையில் இறங்கினால்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் துறைமுகத்திலிருந்து நடந்தே குட்டி இந்தியாவுக்குப் போய்விடலாம். குயின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. வாசலில் ஒரு பெரியம்மா, “எந்த ஊரும்மா?” என்று தமிழில் கேட்டார். தாத்தா கூலியாக வந்திறங்கிய ஊரில் அந்தக் கேள்வி என் கண்ணை நிறைத்தது. பேச உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்து, “இன்னும் நேரம் இருக்கு” என்றார். அது இந்திய நேரம். அங்கே இரண்டரை மணி நேரம் கூடுதல். விழுந்தடித்து ஓடிப் போய்ச் சேர்ந்தோம். ஏறியதுமே கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு மாற்றுங்கள். கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் காத்திருப்பார்கள்; சொந்தமாகச் சுற்றுகிறவர்களுக்காக நிற்கமாட்டார்கள். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள்.

அடுத்த மாதம் எங்கள் தெருவிலிருந்து ஒரு தம்பதி இதே பயணம் போகிறார்கள். நேற்று சாயங்காலம் திண்ணையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்தோம். முதல் வேலையாக மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துக் கைப்பைக்கு மாற்றினேன்.