இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாதீர்!

லோரி ஓட்டும் தோழர்களே! தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வளைவுக்கு மேல் வளைவு. தேயிலைப் பாரத்தோடு பிரேக்கை அமுக்கிக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். 2013-இல் கெந்திங் மலைச்சாலையில் பிரேக் இழந்த பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டார்கள்.

இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வண்டியை என்ஜினே இழுத்துப் பிடிக்கும். கருகல் வாடை அடித்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வண்டி மட்டும் நன்றாயிருந்தால் போதுமா? சில சளி மருந்துகள் கண்ணைச் சொக்க வைக்கும். வாங்கும்போதே, "இதைக் குடிச்சா தூக்கம் வருமா?" என்று கேளுங்கள். வரும் என்றால், குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். "நேரமாச்சு, சீக்கிரம்!" என்று யார் விரட்டினாலும் சரி, வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.