காணி உறுதியும் நிலத்தடி வாயுவும்

எமது காணி உறுதிகளில் நான்கு எல்லைகளும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். வடக்கே இன்னாருடைய வளவு, கிழக்கே ஒழுங்கை என்று நொத்தாரிசு ஒன்றும் விடாமல் எழுதிவைப்பார். ஆனால் அந்தக் காணி எவ்வளவு ஆழத்துக்கு எம்முடையது என்று எழுதிய உறுதி ஒன்றை நான் கண்டதில்லை. இலங்கைச் சட்டத்தின்படி பெற்றோலியமும் இயற்கை வாயுவும் அரசுக்குரியவை. 2011 இல் மன்னார்க் கடற்படுகையில் வாயு கண்டுபிடிக்கப்பட்டது. அது எமது தோட்டக் காணியின் கீழ் இருந்திருந்தாலும் அரசுக்கே உரியதாக இருந்திருக்கும்.

ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு தனியார் காணியின் அடியில் உள்ள வாயு, யாராவது முன்னர் விற்றோ ஒதுக்கியோ வைத்திராவிட்டால், காணிக்காரருக்கே சொந்தம். இது பெரிய பாக்கியம் என்று தோன்றும். பென்சில்வேனியா மாநிலத்து விவசாயிகளுக்கு நேர்ந்ததைப் பார்த்தால், சொத்து ஒன்று, அதைக் குத்தகைக்குக் கொடுக்கும் பத்திரம் வேறொன்று என்பது விளங்கும். கிறவல் அகழவோ இறால் பண்ணைக்கோ காணி கொடுக்கும் எமக்கும் இதில் படிக்க நிறைய உண்டு.

அந்த மாநிலத்தின் பெரும்பகுதிக்கு அடியில், மிக ஆழத்தில், மார்செல்லஸ் என்னும் பாறை அடுக்கு உள்ளது. 2004 இல் அங்கு ஒரு கிணற்றில், நீரையும் மணலையும் பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளந்து வாயு எடுக்கும் முறை பலன் தந்தது. அதன்பின் கம்பனி முகவர்கள் பால்பண்ணை வீடுகளின் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் ஏக்கருக்குச் சில டொலர்களுக்கே பலர் கையொப்பமிட்டனர். 2008 ஆம் ஆண்டளவில் அதே ஊர்களில் ஏக்கருக்கு ஆயிரக்கணக்கான டொலர் கொடுக்கப்பட்டது. முந்தியவர்களுக்கு மனக்கசப்புத்தான். ஆயினும் முன்பணம் அல்ல உண்மையான பிரச்சினை.

முதலில், வாயு யாருடையது? மேல்நிலத்தின் உரிமையையும் அடிநிலத்தின் உரிமையையும் பிரித்து விற்க அங்கு முடியும். அப்படிப் பிரிந்திருந்தால், அடிநில உரிமையாளர் தமக்குத் தேவையான அளவுக்கு மேல்நிலத்தில் இறங்கவும் பாதை போடவும் உரிமை உடையவர். அதனால் பழைய உறுதிகளைத் தேட வேண்டியிருக்கிறது. 1881 இல் எழுதப்பட்ட ஓர் உறுதி "கனிமங்களிலும் பெற்றோலிய எண்ணெயிலும்" பாதியை விற்றவருக்கு ஒதுக்கியிருந்தது. அதில் வாயுவும் அடங்குமா என்ற வழக்கு மாநில உயர் நீதிமன்றம் வரை போய், அடங்காது என்று 2013 இல் தீர்ந்தது. 1882 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றையே நீதிமன்றம் பின்பற்றியது. உறுதியில் ஒரு சொல் இல்லாததால் 132 ஆண்டுகளுக்குப் பின் ஒரு குடும்பத்தின் பங்கு போயிற்று.

அடுத்தது பங்குப் பணம். கிணற்றில் வரும் வாயுவில் எட்டில் ஒன்றாவது காணிக்காரருக்குக் கிடைக்க வேண்டும் என்று 1979 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆனால் எதில் எட்டில் ஒன்று? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாதத்தில் 100,000 டொலருக்கு வாயு விற்றால் எட்டில் ஒன்று 12,500 டொலர். குழாயில் சேர்க்கவும் அமுக்கவும் சந்தைக்கு அனுப்பவும் 40,000 டொலர் செலவு என்று கம்பனி முதலில் கழித்தால், மீதி 60,000 இல் எட்டில் ஒன்று 7,500 தான். இவ்வாறு கழிக்கலாம் என்று 2010 இல் உயர் நீதிமன்றம் கூறியது. சட்டம் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தராதபடியால், தொழிலில் வழங்கும் பொருளையே நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. "எந்தச் செலவும் கழிக்கப்படாது" என்று பத்திரத்தில் எழுதுவித்தவர்கள் பிழைத்தார்கள். வாயால் பேசியதை நம்பியவர்கள் நிலை வேறு.

இதைவிட வேடிக்கையான தீர்ப்பு 2021 இல் வந்தது. நுகர்வோரை ஏமாற்று வியாபாரத்திலிருந்து காக்கும் சட்டத்தின்கீழ் மாநிலச் சட்டமா அதிபர் 2015 இல் குத்தகைக் கம்பனிகள் மீது தொடுத்த வழக்கு அது. அந்தச் சட்டம் விற்பவரின் நடத்தையைத்தான் பிடிக்கும். குத்தகையில் கம்பனி வாங்குபவர். ஆகவே சட்டம் அதற்குப் பொருந்தாது என்றது நீதிமன்றம். சந்தையில் தேங்காய் விற்கும் எமது விவசாயிக்கு இது புதுமையல்ல. தராசு வாங்குபவரின் கையில்தான் இருக்கிறது.

காலவரையறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டு என்றே பலர் நினைத்துக் கையொப்பமிடுகிறார்கள். ஆனால் பத்திரத்தில் "அதன் பின்பும் இலாபகரமான அளவில் வாயு வரும்வரை" என்றொரு தொடர் இருக்கும். 1928 இல் எழுதிய குத்தகை ஒன்றில், 1959 ஆம் ஆண்டில் கிணறுகள் நட்டத்தில் ஓடியதால் அது முடிந்துவிட்டது என்று காணிக்காரர் வாதிட்டார். கம்பனி நல்லெண்ணத்துடன் நடத்தியதா என்பதே முக்கியம் என்று கூறி, 2012 இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பாட்டன் வைத்த கையொப்பம் பேரனைக் கட்டுகிறது. அத்துடன், ஒரு மூலையில் தோண்டிய ஒரு கிணறே காணி முழுவதையும் பிடித்து வைத்திருக்கலாம். எஞ்சிய பகுதி விடுபட வேண்டுமானால் அதற்குத் தனி வாசகம் எழுதுவிக்க வேண்டும்.

அப்படியானால் கையொப்பமிடாமலே இருந்துவிடலாமே என்று வாசகர் கேட்கலாம். வாயு காட்டு விலங்கைப் போன்றது, பிடித்தவருக்கே சொந்தம் என்று 1889 இலேயே அங்கு தீர்ப்புண்டு. குத்தகைக்குக் கொடாத சுமார் 11 ஏக்கர் காணியின் சொந்தக்காரர், பக்கத்துக் கிணறு தமது வாயுவை இழுத்துவிட்டது என்று வழக்காடினார். பாறையைப் பிளந்து எடுத்தாலும் பழைய விதியே பொருந்தும் என்று 2020 இல் உயர் நீதிமன்றம் கூறியது. பிளக்கச் செலுத்திய நீரோ மணலோ எல்லை தாண்டிக் காணிக்குள் புகுந்ததென்று காட்டினால் மட்டுமே அது அத்துமீறல். நிலத்தின் கீழ் ஒரு மைலுக்கும் அப்பால் நடந்ததை ஓர் ஏழை எப்படிக் காட்டுவார்?

குடிநீர் விடயத்தில் மட்டும் சட்டம் சற்று இரங்கியிருக்கிறது. 2012 ஆம் ஆண்டுச் சட்டப்படி, இவ்வகை வாயுக் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள் உள்ள நீர், வேலை முடிந்து 12 மாதத்துக்குள் கெட்டுப்போனால் கம்பனியே காரணம் என்று எடுத்துக்கொள்ளப்படும். அல்ல என்று காட்டுவது கம்பனியின் பொறுப்பு. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தை அறிந்தவர்களுக்கு, யார் நிரூபிப்பது என்ற கேள்வியின் பாரம் தெரியும். ஆனால் தோண்டுவதற்கு முன் நீரைப் பரிசோதிக்க வந்த கம்பனி ஆட்களை வளவுக்குள் விட மறுத்திருந்தால், அந்தப் பாதுகாப்புப் போய்விடும். கோபத்தில் படலையை மூடியவர்களும் அங்கு உண்டு. படலையைத் திறந்துவிட்டு, அதே நாளில் தாமும் ஒரு போத்தல் நீரை வேறோர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, அறிக்கையைக் காணி உறுதியோடு சேர்த்து வைப்பதே அங்கு சட்டத்தரணிகள் கூறும் வழி.