நம்பிக்கைகளும் உண்மைகளும்: உரிமம் இருந்தால் கார்டுக்கு விலை ஏறுமா?

உலகக் கோப்பைக் கால்பந்து நெருங்கினால் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை ஊருக்கு ஊர் அர்ஜென்டினா, பிரேசில் கொடிகள் ஏறிவிடும். பிள்ளைகளின் பையில் ஆட்டக்காரர் படம் போட்ட கார்டுகளும் ஸ்டிக்கர்களும் சேரும். 1980களின் கடைசியில் பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் கார்டுகளை ரன் கணக்குப் பார்த்துச் சேர்த்த தலைமுறைக்கு இது புதிதல்ல. அன்று அது விளையாட்டு மட்டும்தான். இன்று அதோடு ஒரு நம்பிக்கையும் சேர்ந்திருக்கிறது. "இது ஒரிஜினல், இந்தக் கம்பெனிக்கு மட்டும்தான் உரிமை இருக்கிறது, எடுத்து வைத்தால் பின்னால் லட்சக்கணக்கில் போகும்" என்று சொல்லிச் சொல்லியே பெற்றோர் பணத்தை வாங்கிவிடுகிறார்கள். இந்தப் பேச்சில் வெவ்வேறான இரண்டு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. யார் அச்சிடலாம் என்பதைத்தான் உரிமம் சொல்கிறது. எத்தனை அச்சாகும், அவற்றில் எத்தனை மிஞ்சும், முப்பது வருடம் கழித்து யார் அதைத் தேடுவார்கள் என்பதைப் பற்றி உரிமத்தில் ஒரு வரியும் கிடையாது. ஆனால் விலையை முடிவு செய்வது இந்த மூன்றும்தான்.

மிக அதிக விலைக்குப் போன பழைய கார்டுகளையே எடுத்துப் பார்ப்போம். அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு 1909க்கும் 1911க்கும் இடையில் சிகரெட் பெட்டிகளோடு வந்தது. வெளியிட்டது அந்நாட்டுப் புகையிலைச் சந்தையையே கையில் வைத்திருந்த அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. தன் படத்தைப் போட வாக்னர் சம்மதிக்கவில்லை, அச்சு பாதியில் நின்றது. புகையிலையைப் பிள்ளைகளிடம் கொண்டுபோக மனமில்லாமல் மறுத்தாரா, கேட்ட பணம் கிடைக்காததால் மறுத்தாரா என்று இன்றும் வாதிடுகிறார்கள். எப்படியானாலும் சில பத்துக் கார்டுகள்தான் மிஞ்சின. அவற்றில் ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதாவது ஆட்டக்காரர் உரிமம் கொடுக்க மறுத்ததால்தான் அந்தக் கார்டுக்கு அந்த விலை. அதே ஆண்டு ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போன 1952ஆம் ஆண்டு மிக்கி மேண்டில் கார்டை டாப்ஸ் நிறுவனம் வெளியிட்டபோது அதற்குத் தனியுரிமை இல்லை, போமன் என்ற போட்டி நிறுவனம் சந்தையில் இருந்தது. விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960இல் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸின் சை பெர்கரே சொல்லியிருக்கிறார். கடலில் போனது போக மிஞ்சியதற்குத்தான் அந்த விலை கிடைத்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. 1956இல் போமனை வாங்கிய பிறகு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் பேஸ்பால் கார்டு என்றால் டாப்ஸ் மட்டும்தான். ஃபிளீர் நிறுவனம் 1975இல் வழக்குப் போட்டு, 1980இல் வென்று, 1981இல் டான்ரஸ் நிறுவனத்தோடு சந்தைக்கு வந்தது. அதே ஆண்டு மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியபோதும் இருவரும் ஒதுங்கவில்லை. டாப்ஸின் தனியுரிமை மிட்டாயோடு விற்கும் கார்டுக்குத்தான் என்பதால் ஒருவர் ஸ்டிக்கரோடும் மற்றவர் புதிர்ப்படத் துண்டோடும் விற்றார்கள். அடுத்த பத்தாண்டில் ஐந்தாறு நிறுவனங்கள் போட்டி போட்டு அச்சிட்டுத் தள்ளின. முதலீடு என்று நம்பி வாங்கி அடுக்கியவர்களின் பெட்டிகள் இன்றும் வாங்கிய விலைக்குப் போவதில்லை. "பார்த்தீர்களா, பலருக்கு உரிமம் கொடுத்ததால் வந்த வினை, ஒருவரிடமே இருந்திருந்தால் மதிப்பு நின்றிருக்கும்" என்பது அந்த வாதம். காலவரிசை சரிதான், காரணம் சரியில்லை. அந்தக் கார்டுகளைக் கெடுத்தது அளவில்லாத அச்சும், எவ்வளவு அச்சிட்டோம் என்று யாரும் சொல்லாததும். ஒரே நிறுவனம் இருந்தால் அளவோடு அச்சிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. இன்று தனியுரிமை வைத்திருப்பவர்களே ஒரே ஆட்டக்காரரின் படத்தை ஓர நிறத்தை மட்டும் மாற்றிப் பல வகைகளாக, ஒரே பருவத்தில் பல தொகுப்புகளாக வெளியிடுகிறார்கள். போட்டி இருந்த காலத்தில் நடந்த நல்லதையும் மறக்கக் கூடாது. 1989இல் அப்பர் டெக் நிறுவனம் நல்ல தாளும், போலியைத் தடுக்க ஹாலோகிராமும், பிரித்துப் பார்த்து ஒட்ட முடியாத உறையும் கொண்டுவந்தது. அதைப் பார்த்துத்தான் டாப்ஸ் 1991இல் ஸ்டேடியம் கிளப் என்ற உயர்தரத் தொகுப்பை வெளியிட்டது. தனியாக இருந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அப்படி ஒரு அவசரம் அதற்கு வந்ததில்லை.

அடுத்த நம்பிக்கை, அதிகாரப்பூர்வ உரிமம் இருந்தால் தொகுப்பு முழுமையாக இருக்கும் என்பது. ஒரு கார்டில் இரண்டு பேருடைய உரிமை இருக்கிறது என்று தெரிந்தால் இது ஏன் தவறு என்பது விளங்கும். முகமும் பெயரும் ஆட்டக்காரருடையவை, சின்னமும் ஜெர்ஸியும் அணியுடையவை. 2010 முதல் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் தன் சின்னங்களை டாப்ஸுக்கு மட்டும் கொடுத்தது. ஆட்டக்காரர் சங்கத்தின் அனுமதி அப்பர் டெக்கிடமும் இருந்தது. சின்னம் தெரியும் படங்களோடு அது கார்டு வெளியிட, வழக்கு வந்து, சில வாரங்களில் 24 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. 2024 ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியில் இதே சிக்கல் வேறு உருவில் வந்தது. பல காலமாகப் பனினி நிறுவனத்திடம் இருந்த ஸ்டிக்கர் ஆல்பம் டாப்ஸிடம் போனது. சில பெரிய தேசிய அணிகளின் ஒப்பந்தமோ பனினியிடமே இருந்தது. போட்டி ஒன்று, ஆட்டக்காரர்கள் அதே ஆட்டக்காரர்கள், ஆனால் எல்லாரையும் முறையான உடையில் ஒரே ஆல்பத்தில் பார்க்க முடியாமல் போனது. அமெரிக்கக் கூடைப்பந்துக் கார்டுகள் 2009இல் பனினிக்குப் போய், 2025–26 பருவத்தில் மறுபடி டாப்ஸுக்கு வந்திருக்கின்றன. இடையில் 2021இல் ஃபனாட்டிக்ஸ் நிறுவனம் பெரிய லீக்குகளின் எதிர்கால உரிமங்களை வரிசையாகப் பிடித்தது, 2022 ஜனவரியில் டாப்ஸையே வாங்கியது, 2023 ஆகஸ்டில் பனினி ஏகபோகம் என்று சொல்லி அதன்மேல் வழக்குப் போட்டது. வருடா வருடம் ஒரே தொடரைச் சேர்த்துவந்தவரின் வரிசை இந்த ஒப்பந்தங்கள் மாறும்போதெல்லாம் அறுந்துபோகிறது. இதில் யாரும் அவரிடம் கேட்பதில்லை.

தனியுரிமை வாங்கிய நிறுவனத்தைத் தவிர வேறு யார் ஆட்டக்காரரின் பெயரைப் போட்டாலும் சட்டவிரோதம் என்பது மூன்றாவது நம்பிக்கை. இதில் நம் நாட்டுத் தீர்ப்பே இருக்கிறது. முகமது சிராஜ், அர்ஷ்தீப் சிங், உம்ரான் மாலிக் முதலிய கிரிக்கெட் வீரர்களோடு தனியுரிமை ஒப்பந்தம் போட்டிருந்த ரேரியோ நிறுவனம், டிஜிட்டல் வீரர் கார்டுகளை விற்றது. ஸ்ட்ரைக்கர் என்ற கற்பனை கிரிக்கெட் விளையாட்டு அதே வீரர்களின் பெயரையும், ஓவியர் வரைந்த உருவத்தையும், ஆட்டப் புள்ளிவிவரத்தையும் வைத்துக் கார்டு வெளியிட்டது. அதைத் தடுக்கச் சொல்லி ரேரியோவும் வீரர்களும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 ஏப்ரல் 26 அன்று நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. எல்லாருக்கும் தெரிந்த பெயரும் ஆட்டக் கணக்கும் ஒருவருடைய தனிச்சொத்தாக முடியாது, புகழ் மீதான உரிமை எல்லையற்றதல்ல என்பதே அதன் நிலைப்பாடு. அந்த உரிமை அமெரிக்கச் சட்டத்தில் முதலில் பெயர் பெற்றதும் ஒரு கார்டுச் சண்டையில்தான். 1953இல் பபிள்கம் கார்டுக்காக டாப்ஸோடு மோதிய ஹேலன் நிறுவனத்தின் வழக்கு அது. டெல்லித் தீர்ப்பை வைத்து எதை வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொருவர் எடுத்த புகைப்படம், அணியின் சின்னம், ஆட்டக்காரரே பரிந்துரைக்கிறார் என்ற தோற்றம், இவற்றுக்கு அனுமதி வேண்டும். உரிமமில்லாமல் அச்சான பாக்கெட்டைப் பிள்ளைகள் விளையாட வாங்கலாம், சேமிப்பாக வாங்கக் கூடாது. எத்தனை அச்சாயிற்று என்று சொல்ல அதற்கு ஆளே இல்லை.

ஒப்பந்தப் பணம் ஆட்டக்காரருக்குத்தானே போகிறது என்று கேட்பவர்களும் உண்டு. போகிறது, ஆனால் உரிமம் வாங்குபவர் ஒருவராக இருந்தால் தானாகப் போவதில்லை. 1960களில் டாப்ஸ் ஒரு பேஸ்பால் வீரருக்குக் கொடுத்தது கையெழுத்துக்கு 5 டாலர், பிறகு ஆண்டுக்கு 125 டாலர். சங்கத் தலைவர் மார்வின் மில்லர் வீரர்களைப் படமெடுக்க நிற்க வேண்டாம் என்று தடுத்தார். 1969 தொகுப்பில் பலர் பழைய படங்களில் தொப்பியில்லாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். 1968இன் கடைசியில் தொகை 250 டாலராக உயர்ந்தது, விற்பனையில் 8 முதல் 10 சதவீதப் பங்கும் கிடைத்தது. கூட்டாக நின்றதால் வந்த பணம் அது.

கேரளா–தமிழ்நாடு எல்லையிலுள்ள நம் பகுதிக்கு இதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. பெருந்தொகை கொடுத்துத் தனியுரிமை வாங்கியவர் அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க வேண்டும், ஆகவே எங்கும் விற்கும் முகங்களையே அச்சிடுவார். நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடற்கரையில் இருக்கும் பொழியூர், சந்தோஷ் டிராபி ஆட்டக்காரர்களைத் தொடர்ந்து தந்த ஊர். 2018இல் கொல்கத்தாவில் வங்காளத்தை வென்று கோப்பையை எடுத்த கேரள அணியில் ஆடிய சீசன் அந்த ஊர்க்காரர். எல்லையைத் தாண்டினால் நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் என்று கால்பந்து ஊர்களின் வரிசை தொடர்கிறது. ஐ.எஸ்.எல்லில் ஜாம்ஷெட்பூருக்கும் ஏடிகேவுக்கும் ஆடிய மைக்கேல் சூசைராஜ் அங்கே இரவிபுத்தன்துறையைச் சேர்ந்தவர். 1956இல் கோடு பிரித்த இந்தக் கரையின் இரு பக்கமும் ஆட்டம் ஒன்றுதான். மெஸ்ஸியின் படத்துக்காகச் சண்டையிடும் எந்த நிறுவனமும் இந்த ஊர் அணிகளின் படத்துக்காக வராது.

ஆனால் அந்தப் படங்களை யாரும் விலைக்கு வாங்கிப் பூட்டியும் வைக்கவில்லை. ஒரு ஊர்க் கழகம் தன் ஆட்டக்காரர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, தானே எடுத்த படத்தையும் தன் சின்னத்தையும் போட்டு, இருநூறு கார்டு என்று எண்ணி அச்சிட்டால் அதைத் தடுக்க எந்தத் தனியுரிமை ஒப்பந்தமும் கிடையாது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் பழைய அணிப் படமோ, போட்டி நோட்டீஸோ இருந்தால் எடுங்கள். நிற்பவர்கள் பெயரையும், ஆண்டையும், ஆடிய இடத்தையும் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள். முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.