அடிமனமும் வஸ்வாஸும்

மனிதன் தான் செய்வது இன்னதென்று அறிந்தேதான் செய்கின்றானா? கையைக் கழுவியாகிவிட்டது, கழுவியது அவனுக்கே தெரியும், அப்படியும் இன்னொரு முறை கழுவுகின்றான். நிய்யத்து வைத்தாயிற்று, தக்பீர் கட்டியாயிற்று, கட்டிய கையை அவிழ்த்துவிட்டு மீண்டும் தக்பீர் சொல்கின்றான். ஏன் இப்படி என்று கேட்டால், “எனக்கே தெரியவில்லை, செய்யாமல் இருக்கவும் முடியவில்லை” என்கின்றான். இதை நாம் வஸ்வாஸ் என்கின்றோம். ஹவுளோரத்தில் இப்படிப்பட்ட ஒருவரைக் காணாதவர் நம்மில் குறைவு. வீட்டில் ஒருவருக்கு இது வந்துவிட்டால் அந்த வீடு படும் பாட்டைப் பட்டவர்களே அறிவார்கள்.

“எனக்கே தெரியவில்லை” என்ற இந்தப் பதிலை அலட்சியம் செய்யாமல் உட்கார்ந்து கேட்டவர் வியன்னா நகரத்து மருத்துவர் ஸிக்மண்ட் பிராய்டு. 1856இல் பிறந்து 1939இல் லண்டனில் இறந்தவர். இறைநம்பிக்கை இல்லாதவர். அவர் சொன்னது இதுதான்: மனிதன் அறிந்த மனம் ஒன்று, அவன் அறியாத அடிமனம் வேறொன்று. தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள வெட்கப்படும் ஆசைகளையும் பகைகளையும் மனிதன் அங்கே தள்ளிக் கதவை அடைத்துவிடுகின்றான். அடைபட்டவை சும்மா இருப்பதில்லை. கனவாகவும், வாய் தவறி வரும் சொல்லாகவும், நோயாகவும் வேஷம் மாற்றிக்கொண்டு வெளியே வருகின்றன. நோயாளியைத் தடையின்றிப் பேசவிட்டு அந்த வேஷத்தைக் கலைத்துவிட்டால் நோய் நீங்கும் என்றார். இதற்கே உளப்பகுப்பாய்வு என்று பெயர்.

1907ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சட்டம் படித்த ஓர் இளைஞர் அவரிடம் வந்தார். இராணுவப் பயிற்சியின்போது எலிகளைக் கொண்டு செய்யும் ஒரு கொடிய தண்டனையைப் பற்றிக் கேள்விப்பட்டது முதல், அது தமக்குப் பிரியமானவர்களுக்கு நேர்ந்துவிடுமோ என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதனால் ‘எலி மனிதர்’ என்றே நூல்களில் இன்றும் குறிக்கப்படுகின்றார். ஒரு நாள் தாம் நேசித்த பெண்ணின் வண்டி வரும் பாதையில் ஒரு கல் கிடப்பதைக் கண்டார். வண்டி இடறுமே என்று அதை அப்புறப்படுத்தினார். சற்று நேரத்தில் ‘இதென்ன பைத்தியக்காரத்தனம்’ என்று தோன்றியது. திரும்பிப் போய் அதே கல்லை அதே இடத்தில் வைத்தாக வேண்டும் என்றாகிவிட்டது; வைத்தார்.

இவர் பிரார்த்தனை செய்து வந்தவரும்கூட. ‘இறைவன் அவரைக் காப்பானாக’ என்று சொல்ல வாயெடுத்தால், ‘காக்காதிருப்பானாக’ என்று உள்ளே ஒரு சொல் நுழைந்து கெடுத்துவிடும். மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்வார். இவ்வாறாகச் சில சொற்கள் கொண்ட பிரார்த்தனை ஒன்றரை மணி நேரம் வரை நீண்டது! வஸ்வாஸ் பிடித்தவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இது வியன்னாக் கதையாகத் தோன்றாது.

பிராய்டு சொன்ன காரணம்: அந்த இளைஞர் தம் தகப்பனாரை மிகவும் நேசித்தார், கூடவே, தமக்கே தெரியாமல் வெறுக்கவும் செய்தார். தகப்பனார் இறந்து ஆண்டுகள் பல ஆகியும் அந்த வெறுப்பு அடிமனத்தில் கிடந்தது. நேசம் கல்லை அகற்றியது; வெறுப்பு அதைத் திரும்ப வைத்தது. ஓராண்டுக்குள் நோய் நீங்கிற்று என்று 1909இல் எழுதி வெளியிட்டார். அந்த இளைஞர் முதல் உலகப் போரில் மாண்டு போனதால், குணம் நிலைத்ததா என்று பிற்காலத்தில் பார்க்க வழியில்லாமல் போயிற்று.

காரணம் கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கின்றது. ஆனால் தத்துவஞானி கார்ல் பாப்பர் ஒரு கேள்வி போட்டார். ஒருவன் குழந்தையைத் தண்ணீரில் தள்ளிக் கொல்லப் பார்க்கின்றான். இன்னொருவன் தன் உயிரைக் கொடுத்து அக்குழந்தையைக் காப்பாற்றப் பார்க்கின்றான். அடிமனக் கொள்கை இரண்டுக்குமே சிரமமின்றி விளக்கம் சொல்லிவிடும். எது நடந்தாலும் பொருந்துகின்ற விளக்கத்தை எதை வைத்துச் சோதிப்பது?

நமக்கு இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அதே 1907இல் பிராய்டு ஒரு கட்டுரை எழுதினார். கை கழுவுவதை நிறுத்த முடியாத நோயாளியையும் வணக்கம் செய்கின்றவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மதம் என்பதே மனித குலம் முழுமைக்குமான இந்த நோய்தான் என்ற முடிவுக்கு வந்தார். வித்தியாசங்களை அவரே அதில் சொல்லியும் இருக்கின்றார். வணக்கம் எல்லாரும் கூடிச் செய்வது, பொருள் உள்ளது. நோயாளியின் சடங்கோ தனிமையில் ஒளித்துச் செய்வது என்கின்றார். அவர் காணாத வித்தியாசம் ஒன்று உண்டு. ஒளூவுக்கு முடிவு உண்டு. ஒவ்வோர் உறுப்பையும் மூன்று முறை கழுவினால் தீர்ந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளூச் செய்தார்கள் என்று ஹதீஸில் வருகின்றது. அது ஒரு லிட்டர்கூட ஆகாது. வஸ்வாஸுக்குத்தான் முடிவில்லை. அதனால்தான் வணக்கத்தைக் கற்றுக்கொடுத்த மார்க்கமே வஸ்வாஸைக் கண்டித்தது.

மனிதன் தன் நோக்கத்தைத் தானே அறியாமல் இருக்கக்கூடும் என்பதை நாம் மறுக்கவில்லை. முகஸ்துதி எத்தனை மறைவாக உள்ளத்தில் ஊர்ந்து கிடக்கும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விரித்து எழுதியிருக்கின்றார்கள். அவர்களுக்கும் முன்னே, 934இல் இறந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடல் நலத்துக்கு ஒரு பாகமும் மன நலத்துக்கு ஒரு பாகமுமாக நூல் எழுதி, கோபம், பயம், துக்கம் இவற்றோடு வஸ்வாஸையும் தனி நோயாக வைத்து ஆராய்ந்தார். நோயைக் கண்டறிவதில் வியன்னாவுக்கும் நமக்கும் சண்டையில்லை. மருந்தில்தான் வழி பிரிகின்றது.

பதினாறாம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த ஷாஃபிஈ சட்ட மேதை இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) அவர்களிடம் வஸ்வாஸுக்கு மருந்து கேட்கப்பட்டது. அதை அடியோடு பொருட்படுத்தாமல் விட்டுவிடுவதே பயன் தரும் மருந்து. அது இழுக்கும் பக்கம் போகப் போக அது வளரும் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். ஏன் வந்தது, எந்தப் பகையால் வந்தது என்று தோண்டச் சொல்லவில்லை. சந்தேகப்படுவதே நோயாகிவிட்டவனைத் தன் உள்ளத்தையே கிளறிப் பார்க்கச் சொன்னால், ‘காரணம் சரியாகக் கிடைத்ததா இல்லையா’ என்பதே அவனுக்குப் புது வஸ்வாஸ் ஆகிவிடாதா?

1966இல் லண்டன் நகரில் விக்டர் மேயர் என்ற உளவியல் நிபுணர் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஒருவர் ஓயாமல் கழுவுகின்றவர். மற்றவர் மதநிந்தனையான எண்ணங்களால் வதைபட்டவர். அஞ்சும் பொருளைத் தொடச் செய்து, தொட்ட பின் கழுவவிடாமல் தாதியர் கூடவே இருந்து தடுத்தார்கள். பதற்றம் ஏறியது, கழுவாமலே மெல்ல இறங்கியது. இருவரும் நல்ல குணம் கண்டனர். இன்று உலகெங்கும் இந்த நோய்க்கு மருத்துவர்கள் முதலில் சொல்லும் பேச்சுவழிச் சிகிச்சை இதுதான். தேவைப்படுவோர்க்கு மாத்திரையும் சேர்ப்பார்கள். உளப்பகுப்பாய்வினால் இந்நோய்க்குக் குறிப்பிடத்தக்க பலன் உண்டு என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டி நூல் 2005இல் கூறியது.

மதநிந்தனை எண்ணம் என்றோம். நம் வீடுகளில் வெளியே சொல்லாமல் அழுபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தாம். தொழுகையில் நின்றால் அல்லாஹ்வைப் பற்றியே தகாத எண்ணம் வருகின்றது, என் ஈமான் போய்விட்டது என்று நடுங்குவார்கள். வாயால் சொல்லவும் அஞ்சும் எண்ணங்கள் வருகின்றன என்று ஸஹாபாக்கள் சிலர் முறையிட்டபோது, அந்த அச்சமே தெளிவான ஈமான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தேற்றினார்கள். அடிமனத்தில் குஃப்ரு ஒளிந்திருக்கின்றது என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லாத வரையில், செய்யாத வரையில் உள்ளத்தில் தோன்றுவதற்குக் குற்றம் பிடிக்கப்படாது என்பதும் அவர்கள் தந்த செய்தியே.

வீட்டார் செய்யும் ஒரு பிழையையும் இங்கே சொல்லியாக வேண்டும். “உம்மா, நான் முழங்கை கழுவினேனா? பார்த்தீர்களா?” என்று பிள்ளை கேட்கும். “கழுவினாய் கண்ணு” என்று தாய் சொல்வாள். ஐந்து நிமிடத்தில் மறுபடி கேட்கும், மறுபடி சொல்வாள். பாசத்தால் சொல்லும் இந்தப் பதிலும் கழுவுவதைப் போன்றதே. நோய் அதைத் தின்று கொழுக்கின்றது. அதட்டுவதும் உதவாது. “இது வஸ்வாஸ் கேட்கும் கேள்வி, இதற்கு நான் பதில் சொல்வதில்லை என்று நாம் பேசி வைத்திருக்கின்றோமே” என்று அமைதியாகச் சொல்லிக் கையைப் பிடித்துத் தொழுகைப் பாயில் கொண்டு போய் நிறுத்தலாம். முதல் சில நாட்கள் பிள்ளை அழும். ஒளூ முடிந்த பின் வரும் சந்தேகத்துக்கு மதிப்பில்லை, அந்தத் தொழுகை கூடும் என்பதை அதன் மனம் ஏற்கும்படி ஓர் ஆலிமைக் கொண்டு ஒரே ஒரு முறை சொல்லச் செய்யலாம். அப்படியும் நாளில் மணிக்கணக்காகத் தண்ணீரிலேயே கழிகின்றதென்றால், படிப்பும் உறக்கமும் கெடுகின்றதென்றால், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம். போகும்போது கழுவாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சை அவரிடம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.