சிறுநீரகம் அளிப்பவரின் க்ஷேமம்

கேள்வி: தம்பிக்கு ஒரு சிறுநீரகம் அளிக்க இருக்கிறேன். பிற்காலத்தில் என் தேகத்துக்கு அபாயம் உண்டா?
— ஒரு வாசகி, குமணன்சாவடி

பதில்: அபாயம் அறவே இல்லை என்பது உண்மைக்கு மாறான ஆறுதலாகும். தானம் அளித்தோரில் பதினாயிரம் பேருக்கு 90 பேர் தம் ஆயுட்காலத்தில் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாகக்கூடும் என்றும், அவர்களைப் போன்றே ஆரோக்கியமாயிருந்தும் தானம் அளிக்காதோரிடையே அத்தொகை 14 என்றும் அமெரிக்காவில் 2014-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. இந்த வித்தியாசம் அச்சந்தருவதாயினும், பரிசோதிக்கப்படாத பொது ஜனங்களிடையே அத்தொகை 326 என்பதையும் சேர்த்து நோக்கினாலன்றி விஷயம் விளங்காது.

நம் சென்னையிலோ, சிறுநீரகத்தை விற்ற 305 பேரை விசாரித்து 2002-இல் வெளியான ஆய்வில், 86 சதவீதத்தினர் தேக நலம் குன்றியதாகக் கூறினர். கடன் தீர்க்கவென்றே பெரும்பாலோர் விற்றிருக்க, அவர்களுள் முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடனாளிகளாகவே இருந்தனர். அவர்களை வாட்டியது கத்தி மட்டுமன்று. வறுமையுந்தான் என்பது என் அபிப்பிராயம்.

நம் நாட்டில் உயிரோடிருந்து தானம் செய்வோரில் பெரும்பாலோர் பெண்களே. ஆகையால், இது தங்கள் சொந்த விருப்பந்தானா என்று முதலில் தங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அளித்த பின், வருஷந்தோறும் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்துக்கொள்ளத் தவறாதீர்கள்.