மனம் எழுப்பும் வேலி



கட்சிகளின் கொள்கைகளைச் சீர்தூக்கிப் பார்த்தே நாம் அரசியல் முடிவு செய்கிறோம் என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மை பெரும்பாலும் அதுவன்று. மனம் முன்னே சென்று ஒரு பக்கம் நின்றுவிடுகிறது; அறிவு பின்னே வந்து அதற்குக் காரணம் தேடுகிறது. இதற்குச் சான்றாகக் கல்கத்தாவின் கார்டன் ரீச் பகுதியை எடுத்துக்கொள்வோம்.

ஹூக்ளி ஆற்றங்கரையில் கப்பல் தொழிலும் நெசவாலைகளும் வளர்ந்த இடம் அது. பல மொழியினரும் பல சமயத்தினரும் அங்கே உழைத்து வாழ்ந்தனர். 1946 ஜூலை 29 அன்று, தபால் தந்தி ஊழியர்க்கு ஆதரவாகக் கல்கத்தாவில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. இந்துவும் முஸ்லிமும் ஒருங்கே நின்றனர். மூன்று வாரங்கூட நிறையவில்லை. ஆகஸ்ட் 16 அன்று, முஸ்லிம் லீக் அறிவித்த நேரடி நடவடிக்கை நாளில், கலவரம் மூண்டது. சில நாட்களில் இரு சமயத்தவரிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கார்டன் ரீச்சை ஒட்டிய மட்டியாபுருஜ் லிச்சுபாகானில் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பு தாக்கப்பட்டது. அங்கு மாண்டோரிற் பெரும்பாலோர் ஒரிசாவிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள்.

அந்தச் சில நாட்களில் கூலி மாறவில்லை, பசியும் மாறவில்லை. 'நாம்' என்னும் சொல்லின் பொருள் மாறியது. ஜூலையில் 'நாம்' என்றால் தொழிலாளர். ஆகஸ்டில் 'நாம்' என்றால் மதத்தார். தலைவர்களின் அரசியல் விறகை அடுக்கியது மெய்யே. ஆயினும் தீப்பற்றியது மனத்தில்.

இம்மனத்தை உளநூலார் பின்னர் ஆராய்ந்தனர். போலந்தில் பிறந்த யூதரான ஹென்றி தாஜ்ஃபெல், இங்கிலாந்தில் பள்ளிச் சிறுவர்களை, எந்த ஓவியரை விரும்புகிறார்கள் என்ற அற்பக் காரணம் சொல்லி இரு பிரிவாக்கினார். உண்மையில் அப்பிரிவினை குருட்டாம்போக்கானது. அப்படியிருந்தும் பணத்தைப் பங்கிடும்போது சிறுவர்கள் தம் பிரிவுக்கே சாய்ந்தனர். இவ்வாய்வு 1971இல் வெளியாயிற்று. 1954இல் அமெரிக்காவில் முசாபர் ஷெரீப் நடத்திய சிறுவர் முகாமிலோ, போட்டி வந்ததும் இரு குழுக்களிடையே பகை வளர்ந்தது. தண்ணீர்த் தட்டுப்பாடு போன்ற பொதுத் துன்பங்களைச் சேர்ந்து நீக்கியபோது அப்பகை தணிந்தது.

நாம் தறியோட்டிய நாட்களிலும் இதைக் கண்டோம். 'அந்தத் தெருவார் வேலைநிறுத்தத்தை விலைபேசிவிட்டனர்' என்று, ஷிப்டு மாறும் வேளையில் ஒரு வதந்தி கிளம்பிற்று. சொன்னவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. பத்தாண்டு பக்கத்துத் தறியில் நின்று, சோற்றைப் பகிர்ந்துண்ட நண்பரோடு பேச்சை நிறுத்தினோம். அது பொய் என்று தெளிந்தபோது அவர் ஊரைவிட்டே போயிருந்தார். இன்றளவும் மன்னிப்புக் கேட்க வழியில்லை.

கேசபுத்தத்துக் காலாமருக்குப் பகவன் புத்தர் காட்டிய வழி இங்குப் பயன்படும். செவிவழி வந்தது என்றோ, ஆசிரியர் சொன்னது என்றோ மட்டும் ஒன்றை ஏற்கலாகாது. அது பேராசை, வெறுப்பு, மயக்கம் இவற்றை வளர்க்குமாயின் விலக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

ஆதலின், தேர்தல் காலத்தில் ஒரு செய்தி நம் செவிக்கு எட்டினால் மூன்று கேள்விகளைக் கேட்போமாக. இதைக் கண்டவர் யார்? இதை நம்பினால் நம் உள்ளத்தில் எது வளரும்? இதே குற்றத்தை நம்மவர் செய்திருந்தால் இவ்வளவு சினம் கொள்வோமா?

மூன்றாவது கேள்வியே கடினமானது. 'நாம் பௌத்தர்' என்னும் சொல்லும் ஒருநாள் வேலியாகலாம். அவ்வேலியை நம் கையாலேயே பிடுங்கிவிட வேண்டும். சிந்தித்துத் தெளிவோமாக.